நாளுக்கொரு புது ஆள்

நீங்கள் ஆறு பேரும் நம் கணினிக் கடைக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து என்னைக் காணும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் மாறி மாறிக் கேட்கிறீர்கள். "மிஸ், இந்தப் புது வேர்ஷன்ல என்ன இரிக்கு?" பிள்ளைகளே, நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என் வீட்டுக்குக் கடைசியாக வந்த புது வேர்ஷன் என் மருமகன்தான். அவரையே இன்னும் முழுதாகப் படித்து முடிக்கவில்லை.

முதலாளி விடாமல் நச்சரித்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். "உங்கட அனுபவத்தில இரிந்து ஏதாவது எழுதித் தாங்க மிஸ், புதுப் பிள்ளைகள் வாசிக்கட்டும்" என்றார். எதை எங்கே அழுத்துவது என்று நான் எழுதப் போவதில்லை. அதை என்னைவிட வேகமாக நீங்கள் அழுத்துவீர்கள். எனக்குப் பயமே அந்த வேகத்தைப் பார்த்துத்தான்.

நான் இந்தப் புளியந்தீவுக் கடையில் சேர்ந்த காலத்தில் கணினி என்பது மேசையில் கிடக்கும் ஒரு பெட்டி. கேட்டால் செய்யும், கேட்காவிட்டால் சும்மா கிடக்கும். இப்போது வருகிறவை கேட்காமலே செய்கின்றன. தானாக அப்டேட் ஆகின்றன, தானாக வைஃபை தேடிப் பிடிக்கின்றன, பக்கத்து மேசைப் போனுக்குப் படம் அனுப்பவா என்று கேட்கின்றன, முகம் பார்த்துத் திறக்கின்றன. எல்லாம் நல்ல வசதிகள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வசதியும் ஒரு வீட்டுக்குள் போகிறது. அந்த வீட்டில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். இதை மட்டும் யாரும் பெட்டியில் எழுதி ஒட்டுவதில்லை.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்து விவசாயி ஒருவர் கோயிலில் நேர்த்திக்கு மொட்டை போட்டு, கையோடு மீசையையும் எடுத்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தார். போன் அவர் முகத்தைப் பார்த்துத் திறக்க மறுத்துவிட்டது. அந்த நேரத்துக்கென்று வைத்த இரகசிய எண் அவருக்கு மறந்துபோய்விட்டது. வயல் வட்டையில் உழவுக்கு வரச் சொல்லியிருந்த ஆளின் நம்பரோ உள்ளே இருக்கிறது. மனிதர் கொதித்துப் போனார். "பொஞ்சாதிக்கு என்னத் தெரியிது, வளக்கிற மாட்டுக்குத் தெரியிது, இந்தச் சாமானுக்கு மட்டும் தெரியல்லியாம் மிஸ்!" என்றார். எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று கடைப் போனிலிருந்து அவர் மனைவிக்கு அழைப்பு எடுத்தோம். அந்த அம்மா இரகசிய எண்ணை ஒரே மூச்சில் ஒப்புவித்தார். போன் திறந்துவிட்டது. ஆனால் மனிதர் முகத்தில் சந்தோசத்தைக் காணவில்லை. மனைவிக்கு அந்த எண் எப்படித் தெரியும், எவ்வளவு காலமாகத் தெரியும் என்று யோசித்துக்கொண்டே போனார்.

இந்தக் கடையைத் தொடங்கிய பெரியவரை நீங்கள் யாரும் கண்டதில்லை. சாரம் கட்டிக்கொண்டுதான் கடைக்கு வருவார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது, வாடிக்கையாளருக்கு அது எரிச்சலூட்டும். யாராவது வந்து "இத ஆர் செய்த?", "இது எப்பிடி நடந்த?" என்று கேட்டால் உடனே பதில் சொல்லமாட்டார். "நான் சொன்னா நீங்க என்ன செய்வீங்க?" என்று திருப்பிக் கேட்பார். ஒரு தடவை ஒருவர் தன் அலுவலகக் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, நேற்று இதை யார் திறந்தது என்று கண்டுபிடித்துத் தரச் சொன்னார். பெரியவர் தன் கேள்வியைக் கேட்டார். வந்தவர், "ஆளப் பிடிச்சு அடிப்பன்" என்றார். "அப்ப இரிங்க, முதல்ல தேத்தண்ணி குடிப்பம்" என்று பெரியவர் கதிரையை இழுத்துப் போட்டார். அந்தத் தேநீர் மதியச் சாப்பாட்டு வரைக்கும் நீண்டது. அடிக்க வந்தவர், தன் மனைவி பிள்ளைகளின் கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். மனிதருக்குக் கொஞ்சம் விசர் என்றுதான் அந்த நாளில் நானும் நினைத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இது பழைய கதை இல்லை, நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் நடந்தது. இதில் வருகிற தம்பி இன்றைக்கும் உங்களோடுதான் வேலை செய்கிறார். பெயர் சொல்லமாட்டேன். இதை வாசிக்கும்போது யாருடைய காது சிவக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். தான் நல்ல வடிவான ஆள் என்று ஓரிடத்திலாவது எழுதவேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதம் தந்தார். தம்பி நல்ல வடிவான ஆள்.

செங்கலடிச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் ஒரு வளவு. அதற்குள் இரண்டு வீடுகள், இரண்டிலும் அக்கா தங்கைகள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே, வீடு பெண் பிள்ளைக்கு, மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேர்வார். அந்த அம்மாவும் தன் வளவை இரண்டாக்கி, முன் வீட்டை மூத்தவளுக்கும் பின் வீட்டை இளையவளுக்கும் சீதனமாகக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். கிணறு ஒன்று, தெருவுக்குப் போகிற கேற் ஒன்று. இரண்டுமே முன் வீட்டுப் பக்கம். நடுவில் வேலியும் இல்லை ஒன்றுமில்லை, இரண்டு வீட்டுக் கோழிகளும் ஒன்றாகத்தான் மேயும்.

மூத்தவள் விஜி. கணவர் கட்டாரில், ஒரே மகன் கொழும்பில் படிக்கிறான். இளையவள் தர்சினி, பாலர் பாடசாலை ரீச்சர். கணவருக்குத் திருகோணமலையில் வேலை, சனி ஞாயிறுதான் வீடு. இருவருக்கும் வயது வித்தியாசம் அதிகம். தர்சினியைத் தூக்கி வளர்த்ததே விஜிதான்.

விஜியின் கணவர் கட்டாரிலிருந்து வற்புறுத்தி முன் வீட்டுக்கு வைஃபை எடுக்க வைத்தார். ரவுட்டரைப் பொருத்திப் பூட்டிக் கொடுத்தவர் நம்முடைய தம்பி. பின் வீட்டுக்கும் சிக்னல் நன்றாக எட்டியதால் தங்கையும் அதையே பாவித்தாள். தம்பி பூட்டியதோடு நிற்கவில்லை. விஜியின் போனில் ரவுட்டருக்குரிய ஆப் ஒன்றையும் போட்டு, அதில் ஒரு வசதியைத் திறந்து விட்டார். ரவுட்டருக்குத் தெரியாத புது ஆள், அதாவது புதுப் போனோ கணினியோ, வந்து இணைந்தால் உடனே விஜியின் போன் டிங் என்று அடிக்கும். விஜிக்குப் பெருமை தாங்கவில்லை. "இனி என்ட ஊட்டு வைஃபைக்குள்ள ஒரு எறும்பு வந்தாலும் எனக்குத் தெரியும்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

கொஞ்ச நாள் கழித்துத் தர்சினி தன் லப்டொப்பைக் கடைக்குக் கொண்டுவந்தாள். புது வேர்ஷன் இயங்குதளம் போடவேண்டும். அதையும் தம்பிதான் போட்டார். புது வேர்ஷனைக் கண்டால் தம்பிக்குக் கை சும்மா இருக்காது, திருவிழாக் கடையில் விட்ட பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார். அதில் ஒரு வசதி இருந்தது. வைஃபையில் இணையும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அதற்கென்று ஓர் எண் உண்டு, ரவுட்டர் ஆளை அடையாளம் காண்பது அந்த எண்ணை வைத்து. இந்த வசதியைப் போட்டுவிட்டால் கணினி தன் உண்மையான எண்ணை மறைத்து, நாளுக்கொரு பொய் எண்ணைக் காட்டும். பஸ் நிலையத்திலும் ஹோட்டலிலும் ஊரான் வைஃபையில் இணையும்போது யாரும் நம்மைப் பின்தொடராமல் இருக்க இது நல்ல பாதுகாப்பு. சொந்த வீட்டில் இதைப் போட்டு வைத்தால், தினமும் முகமூடி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைவது போல, வளர்த்த நாயே குரைக்கும். தம்பி "பாதுகாப்புக்கு நல்லம்தானே" என்று அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு, போட்டதையே மறந்துவிட்டார்.

அன்றிலிருந்து மாலையில் தர்சினி லப்டொப்பைத் திறந்தால் முன் வீட்டில் விஜியின் போன் டிங் என்று அடிக்கும். புது ஆள். அடுத்த மாலையும் டிங், இன்னொரு புது ஆள். அந்த மலிவு ரவுட்டருக்குப் பெயர் வாசிக்கத் தெரியாது, எண்ணை மட்டும்தான் காட்டும். ஒவ்வொரு நாளும் எண் வேறு. விஜி பல நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு கடைக்குப் போன் எடுத்தார். எடுத்தது தம்பி.

"தம்பி, ஒவ்வொரு நாளும் புது ஆள் வாறாங்க எண்டு போன் அடிக்கிது. ஆர் இவங்க?"

தம்பி அந்த நேரம் இன்னொருவரின் கணினியைத் திறந்து வைத்திருந்தார். வாயில் ஸ்க்ரூ, தோளில் போன். அந்த எண்களைப் படம் பிடித்து விஜி அனுப்பியிருந்தார், அதை ஒரு பார்வை பார்த்தார். எண்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.

"அக்கா, இது எல்லாம் வேற வேற ஆக்கள். உங்கட ஊட்டு ஆக்கள் இல்ல. ஆரோ பாஸ்வேர்ட வெளிய குடுக்கிறாங்க போல" என்றார். சொல்லிவிட்டு ஸ்க்ரூவைப் பூட்டினார், அவர் கவலை அவ்வளவுதான். "நான் சொன்னா நீங்க என்ன செய்வீங்க அக்கா?" என்று ஒரு சொல் கேட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதவேண்டி வந்திராது.

அந்தப் பாஸ்வேர்ட் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். விஜி நேராகப் பின் வீட்டுக்குப் போய், "ஆருக்குகா பாஸ்வேர்ட் குடுத்த?" என்று கேட்டார். தர்சினி ஒருவருக்கும் கொடுக்கவில்லை என்றாள். அவள் சொன்னது முழு உண்மை. "பொய் பறையாத. கடைக்காரத் தம்பியே சொல்லிட்டான்" என்றார் விஜி. கடைக்காரன் சொல்லிவிட்டால் இந்த ஊரில் அதற்குமேல் நீதிமன்றம் இல்லை. ஒரு சொல் இரண்டாகி, இரண்டு பத்தாகி, அம்மாவின் செத்தவீட்டில் யார் அதிகம் அழுதது என்பது வரைக்கும் போயிருக்கிறது. அந்த வாரமே முன் வீட்டு வாசலில் மதில் கட்டச் சீமெந்துக் கல் வந்து இறங்கியது.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. ஒரு நாள் காலையில் கடை திறந்ததும் தர்சினி லப்டொப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது.

"மிஸ், எனக்குத் தனிய ஒரு வைஃபை லைன் எடுத்துத் தர ஏலுமா?"

"ஏன் புள்ள, அக்காட லைன்தானே இரிக்கு?"

"அக்கா நடுவால மதில் கட்டப் போறா மிஸ். நாளைக்கு அத்திவாரம் வெட்டுறாங்க." அதோடு அழுதுவிட்டாள். "கிணறு அவட பக்கம், கேற்றும் அவட பக்கம். நான் பின்னால பக்கத்து வளவு ஆக்கள்ட்டக் கெஞ்சித்தான் ரோட்டுக்கு வரணும். அது போனாப் போகட்டும். என்னத் தூக்கி வளத்தவ மிஸ், எனக்கு முகம் குடுக்கிறா இல்ல."

இருக்க வைத்துத் தண்ணீர் கொடுத்து முழுக் கதையையும் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கு ஒரு சந்தேகம். லப்டொப்பை வாங்கித் திறந்து பார்த்தேன். 'தினமும் மாற்றுக' என்ற அந்த வசதி போட்டபடியே இருந்தது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், தர்சினியைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். வடிவான முகம் அந்த நேரம் பார்க்கக்கூடியதாக இல்லை.

என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் குசுகுசுத்தார். "மிஸ், சின்ன வேலதான். இத நிப்பாட்டி உடுவம். அக்காக்குப் போன் எடுத்து, பாஸ்வேர்ட மாத்திட்டம், இனிப் புது ஆக்கள் வரமாட்டாங்க எண்டு சொல்லுவம். எல்லாம் சரியாப் போயிரும். நாங்க போட்டதெண்டும் ஆருக்கும் தெரியாது."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தம்பி சொன்ன வழியில் இயந்திரம் சரியாகிவிடும், அதில் ஒரு பிழையும் இல்லை. புது ஆள் வருவதும் நின்றுவிடும். நின்றால் விஜி என்ன நினைப்பார்? "பாத்தியா, பாஸ்வேர்ட மாத்தினோடன நிண்டுட்டு. அப்ப இவள்தான் குடுத்திருக்காள்" என்றுதான் நினைப்பார். நாம் சத்தமில்லாமல் திருத்தி வைக்கிற அந்தத் திருத்தமே தர்சினிக்கு எதிரான சாட்சியாகிவிடும். மதில் வராமல் போனாலும் போகலாம், அவள் பொய்க்காரி என்ற பெயர் போகாது.

இதைத் தம்பியிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "அப்ப என்ன மிஸ் செய்யிற?"

"ஒண்டையும் தொடாத. அது அப்பிடியே கிடக்கட்டும். பின்னேரம் நீயும் நானும் போறம்."

"நானுமா?"

"ஓம், நீயும்தான். வாயத் திறந்தது நீதானே?"

தர்சினியிடம் காரணத்தைச் சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, "அப்ப நான் பொய் சொல்லல்லத்தானே மிஸ்?" என்று என்னிடமே கேட்டாள். பாவம், எல்லோரும் சொல்லிச் சொல்லி அவளுக்கே சந்தேகம் வந்திருந்தது. மாலையில் நாங்கள் வரும்வரை லப்டொப்பைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

மாலையில் ஓட்டோவில் போய் இறங்கினோம். வளவுக்குள் போனால், மேசன் முளை அடித்து நூல் இழுத்துக்கொண்டிருக்கிறார். நூல் கிணற்றடியிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவால் நேராக ஓடுகிறது. கோழிகள் அதைத் தாண்டித் தாண்டித் திரிகின்றன. விஜி வாசலில் நின்று மேற்பார்வை.

"வாங்க மிஸ். வா தம்பி. நீ சொன்னபடியாத்தான் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்த" என்று தம்பியை வரவேற்றார். தம்பி என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். அவர் என்னைவிட ஓர் அடி உயரம், மறைய முடியவில்லை.

நான் விளக்கம் சொல்லத் தொடங்கவில்லை. எண், முகவரி, பாதுகாப்பு என்று நான் வாயைத் திறந்தால், தங்கைக்காகக் கடைக்காரி வக்காலத்துக்கு வந்திருக்கிறாள் என்றுதான் படும். அதனால், "விஜி, உங்கட போன எடுத்துக்கொண்டு ஒருக்காத் தங்கச்சிட ஊட்டுக்கு வாங்க. அந்தப் புது ஆள உங்களுக்குக் காட்டுறன்" என்றேன்.

"ஆள் இப்ப இரிக்கானா?" கண் பெரிதாகிவிட்டது. நூலைத் தாண்டி எனக்கு முன்னால் நடந்தார். மேசனும் வேலையைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்தார். இப்படியான காட்சியை யார்தான் விடுவார்கள்?

தர்சினி சாப்பாட்டு மேசையில் லப்டொப்பை மூடி வைத்துக்கொண்டு இருந்தாள். அக்காவைக் கண்டதும் எழும்பி நின்றாள். விஜி அவளைப் பார்க்காமல் அறைகளை எட்டி எட்டிப் பார்த்தார். ஆளைக் காணோம்.

"இந்தக் கதிரையில இரிங்க விஜி. போனக் கையில வெச்சிரிங்க. மற்றக் கையால இத நீங்களே திறங்க."

விஜி லப்டொப்பைத் திறந்தார். அது வைஃபையைத் தேடிப் பிடித்தது. கையிலிருந்த போன் டிங் என்றது. புது ஆள்.

"இது எங்க இரிந்து?" என்று வாசலைப் பார்த்தார்.

"இன்னும் வேணுமா? இந்த இடத்தில அமத்துங்க. சரி, இப்ப திருப்பி வைஃபையப் பிடிங்க."

அமத்தினார். அது, அடுத்த நாள் வரை காத்திராமல் உடனே எண்ணை மாற்ற வைக்கும் இடம். டிங். இன்னொரு புது ஆள், வேறு எண். விஜி போனைப் பார்த்தார், லப்டொப்பைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார்.

"இதுதான் ஆள்" என்றேன். "ஒரே லப்டொப்தான். நாளுக்கொரு நம்பரோட வாற மாதிரி ஒரு வசதி இதில இரிக்கு. தர்சினிக்கு அது இரிக்கிறதே தெரியா. போட்டது ஆரெண்டு தம்பி சொல்லுவான்."

தம்பி தொண்டையைச் செருமினார். இப்போது சொல்கிறேன், அந்த நேரம் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, இதப் போட்டது நான்தான். நீங்க போன்ல கேக்கக்குள்ள சரியாப் பாக்காமச் சொன்னதும் நான்தான். தர்சினி அக்கா ஒருத்தருக்கும் பாஸ்வேர்ட் குடுக்கல்ல" என்றார்.

"நீ இரி. உனக்கு மறுகா இரிக்கு" என்றார் விஜி. ஆனால் குரலில் காரம் இல்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்ட கேள்வி நான் எதிர்பார்க்காத ஒன்று.

"அப்ப அந்தச் சத்தம்?"

"என்ன சத்தம்?"

"ஒவ்வொரு நாளும் இங்க ஆக்கள்ட சத்தம் கேக்குமே. ஆம்பிளையும் பொம்பிளையுமாக் கதைக்கிறதும் சிரிக்கிறதும். நான் சமைக்கக்குள்ள என்ட குசினி யன்னலால நல்லாக் கேக்கும். போன் டிங் எண்டும், மறுகாச் சத்தம் வரும்."

தர்சினி தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவளைப் பார்த்தேன். குனிந்தபடியே சொன்னாள்.

"கிளாஸ். ஒன்லைன் கிளாஸ். டிப்ளோமா திருப்பி எடுக்கிறன். அது கூடப் படிக்கிற ஆக்கள்ட சத்தம்."

"திருப்பி எடுக்கிறியா? எனக்கு ஒரு வார்த்த சொல்லல்லியே!"

"போன முற பெயில் விட்டப்ப நீங்கதானே சந்தை வரைக்கும் சொல்லிப்போட்டீங்க. மீன்காரன்கூட, 'ரீச்சர், அடுத்த முற பாப்பம்' எண்டு எனக்கு ஆறுதல் சொல்லுறான். இந்த முற பாஸ் பண்ணினாத்தான் சொல்றதெண்டு இரிந்தன்."

மேசன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் விஜி சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது.

"நான் கவலையில சொன்னதுகா. அத உடு. நீ வைஃபைய ஆருக்குக் குடுத்தா எனக்கென்ன? ஊருக்கே குடு. நாளுக்கொரு ஆள் வாறாங்க, சிரிக்காங்க, கதைக்காங்க. முன் ஊட்டில நான் ஒருத்தி தனிய அந்த டிங் சத்தத்தக் கேட்டுக்கொண்டு இரிக்கன். இவ்வளவு பேரக் கூப்பிடுறாளே, அக்கா நீங்களும் வாங்க எண்டு ஒரு நாள், ஒரு நாளாவது என்னக் கூப்பிட்டியா?"

இத்தனை வருட வேலையில் எத்தனையோ முறைப்பாடு கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. மனிசி மதில் கட்ட வெளிக்கிட்டது பாஸ்வேர்டுக்காக இல்லை. பக்கத்தில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். அது யாருடைய கோப்பை என்றுகூடப் பார்க்கவில்லை.

தர்சினி மெதுவாகச் சொன்னாள். "ஒருத்தரும் வரல்லக்கா. நானும் இங்க தனியத்தான் இரிந்தன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பி எதையோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன். இந்தத் தொழிலில் எப்போது வாயை மூடிக்கொண்டு வெளியே போய் நிற்பது என்பதும் ஒரு வேலை, அதற்குப் பயிற்சி வகுப்பு கிடையாது. தம்பியும் நானும் வெளியே வந்து சீமெந்துக் கல் அடுக்கில் குந்தினோம். உள்ளே அழுகைச் சத்தமும், கொஞ்ச நேரத்தில் ஏச்சும், அதற்குப் பிறகு மூக்குச் சீறும் சத்தமும் கேட்டன. ஏச்சு வந்தால் பயமில்லை, எல்லாம் சரியாகிறது என்று அர்த்தம்.

விஜி வாசலுக்கு வந்தபோது மேசன் முளைக்குப் பக்கத்தில் நின்று பிடரியைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"அக்கா, நூல அவிழ்க்கவா, உடவா?"

"அவிழ்த்துப் போடுங்க. கோழி இடறி விழுந்திரும்" என்றார் விஜி.

புறப்படும்போது அந்த வசதியை நிறுத்தினோம், அதையும் அக்கா தங்கை இருவரும் பார்க்கத்தான் செய்தோம். தர்சினியின் லப்டொப் இனி ஒரே எண்ணோடுதான் வரும், ஒரு தடவை தெரிந்துகொண்டால் ரவுட்டர் பிறகு சத்தம் போடாது. தம்பியைச் சும்மா விடவில்லை, அந்தக் கல் எல்லாவற்றையும் முன் வாசலிலிருந்து பின் மதிலோரம் தூக்கி அடுக்கிவிட்டுத்தான் போகவேண்டும் என்றார் விஜி. தம்பி தூக்கினார். அடுத்த நாள் கடையில் ஒரு கையால் மற்றக் கையைத் தூக்கித்தான் வேலை செய்தார்.

ஒரு மாதம் போயிருக்கும். கடையில் கூட்டம். தம்பியின் தோளில் போன், வாயில் ஸ்க்ரூ. எதிர்முனையில் விஜி. எனக்கும் கேட்கட்டும் என்று தம்பி ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, அண்டைக்கு அந்தப் புது ஆள் வாறத நிப்பாட்டினீங்களே, அத மறுபடியும் போட்டுத் தர ஏலுமா?"

தம்பி ஸ்க்ரூவை வாயிலிருந்து எடுத்தார். கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார். போனைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தார். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, பெரியவர் கேட்கும் அதே தொனியில் கேட்டார்.

"போடலாம் அக்கா. நான் போட்டுத் தந்தா நீங்க என்ன செய்வீங்க?"

"என்ன செய்யிற? தேத்தண்ணி ஊத்திறது" என்றார் விஜி. "முந்தி போன் டிங் எண்டா இவள் படிக்க இரிந்திட்டாள் எண்டு விளங்கும். இப்ப ஒண்டும் தெரியிதில்ல. நான் பாத்துப் போகக்குள்ள கிளாஸ் பாதி முடிஞ்சிரிது, தேத்தண்ணியும் ஆறிப்போகிது. நானும் அங்கதான் இரிக்கிற, ஒரு ஓரமா. அவள்ட கூட்டாளிமாரெல்லாம் இப்ப எனக்கும் பழக்கம்."

தம்பி அன்று மாலையே போய்ப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். தர்சினி பாஸ் பண்ணிவிட்டாள், அதையும் விஜி சந்தை வரைக்கும் சொல்லிவிட்டார், மீன்காரன் உட்பட. படிப்பு முடிந்தும் அந்த வசதியை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பின் வீட்டில் லப்டொப் திறந்தால் முன் வீட்டில் போன் டிங் என்கிறது, விஜி எழும்பிப் போய்க் கேத்திலை அடுப்பில் வைக்கிறார்.